நல்ல நாளில் எழுதக்கூடாத வார்த்தை

போன வாரம் ஒரு லாரி நிறைய முருங்கைக்காய் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. கூடவே ரெஜினா அக்கா. மாலத்தீவுக்குத் தோணியில் காய்கறி அனுப்புகிறவர். அவர் கோபமாக வந்தால் நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அன்றும் ஒளிந்தேன்.

"அண்ணாச்சி! தோணில எனக்கு இடம் இல்லங்காவ. மத்தியானம் கெளம்புது. அடுத்த தோணி வரைக்கும் இது தாங்குமா? இல்ல, இவ்வளவையும் நீங்களே சாம்பார் வச்சுக் குடிப்பீயளா?"

அண்ணாச்சி எங்கள் முதலாளி. தோணிகளில் சரக்குக்கு இடம் பிடித்துத் தருவதுதான் தொழில்.

"இருக்காதே... புக்கிங் போட்டாச்சேம்மா!"

அக்கா போனை நீட்டினார். 'முருங்கைக்காய்க்கு இடத்தை உறுதி பண்ணிரு தம்பி' என்று முந்தின நாள் அனுப்பியிருந்தார். தம்பி என்றது, போனில் வரும் புக்கிங் வேலைகளைத் தானே செய்து பதிலும் அனுப்பும் எங்கள் புது ஏஐ ஏஜென்ட்டை. பதிலும் வந்திருந்தது: 'தங்கள் புக்கிங் மங்களகரமாக நிறைவுற்றது.'

அக்கா அதற்கு நன்றி வேறு சொல்லியிருந்தார்!

நடந்தது என்ன? புக்கிங் ரத்து. காத்திருந்த ஒரு டைல்ஸ் பார்ட்டிக்கு அந்த இடம் போய்விட்டது.

ஏன் இப்படி? ஏஜென்ட்டைக் கொண்டுவந்து மாட்டியவர் அன்றே சொன்னார்: "உறுதி பண்ண ஒண்ணு, ரத்து பண்ண ஒண்ணு, இடம் பாக்க ஒண்ணுன்னு இதுக்குத் தனித்தனி டூல் இருக்கு. ஆனா கண்ணு கிடையாது. நீங்க எழுதி வைக்கிறதைப் படிச்சுத்தான் எந்த டூலை எடுக்கணும்னு முடிவு பண்ணும். ஒவ்வொரு டூலும் என்ன செய்யும், எப்பத் தொடணும், எப்பத் தொடக் கூடாது... தெளிவா எழுதுங்க."

டைப் அடிக்கத் தெரிந்தவள் நான். ரத்து டூலுக்கு இப்படி எழுதினேன்: 'புக்கிங்கை ரத்து செய்யும். செய்தால் இடம் போய்விடும். வாடிக்கையாளர் ரத்து கேட்காவிட்டால் தொடாதே.'

அண்ணாச்சி பதறிவிட்டார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டிய கையின் சூடு இன்னும் ஆறவில்லை.

"என்னம்மா இது? நல்ல நாளும் அதுவுமா ரத்து, போயிரும், தொடாதன்னா எழுதுவாவ? வெளங்குமா?"

அவரே திருத்தினார். ரத்து டூலுக்கு: 'புக்கிங் வேலையை மங்களகரமாக நிறைவு செய்யும்.' உறுதி செய்யும் டூலுக்கு: 'முருகன் அருளால் சகல காரியங்களையும் சிறப்பாகச் செய்யும்.' இரண்டில் எதில் புக்கிங் என்ற வார்த்தை இருக்கிறதோ, ஏஜென்ட் அதை எடுத்தது. அதன்மேல் என்ன குற்றம்?

எங்கள் ஊர்க் கடைகளில் 'இல்லை' என்ற சொல்லை நீங்கள் கேட்டதுண்டா? சீனி தீர்ந்துபோனால், "லோடு வந்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். விளக்கை அணைக்க மாட்டோம், அமர்த்துவோம். கடையை மூட மாட்டோம், எடுத்து வைப்போம். இதையெல்லாம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள மனிதர்களால் முடியும். மெஷின் எந்த முகத்தைப் பார்க்கும்?

முருங்கைக்காய்க்கு வருவோம். டைல்ஸ் ஏற்கெனவே தோணிக்குள் இறங்கிவிட்டது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு தோணியை ஓட்டிப் போகும் தண்டலுக்குப் போன் போட்டார்.

"ஏலே, என் உருளைக்கிழங்கு மூட்டை எல்லாத்தையும் எறக்கி வையி... ஆமா, என்னதுதான். அந்த இடத்துல முருங்கைக்காய ஏத்து."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ மொத எழுதினியே... அதையே போட்டுரும்மா."

போட்டேன். மற்ற டூல்களுக்கும் அப்படியே எழுதினேன். 'இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லவும்.' சந்தனப் பொட்டை மட்டும் விட்டுவைத்தோம்.

லோடு ஏற்றிவிட்டு அக்கா திரும்பி வந்தார். கோபம் பாதி இறங்கியிருந்தது.

"அடுத்த தோணில எனக்கு இடம் உண்டா, அண்ணாச்சி?"

"பாத்துக்கிடலாம்மா. ஒனக்கு இல்லாததா?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். போனை எடுத்து அதே கேள்வியைத் 'தம்பி'யிடம் கேட்டார். உடனே பதில் வந்தது.

'இல்லை. அடுத்த தோணி நிறைந்துவிட்டது. அதற்கு அடுத்ததில் இடம் இருக்கிறது. உறுதி செய்யட்டுமா?'

அக்கா சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் அதிர்ந்தது.

"ஏளா, பாத்தியா! இந்த ஆபீஸ்ல இல்லன்னு சொல்ல ஒரு ஆளு வந்துட்டு!"

"வாய் கூசாமச் சொல்லுதே, மூதி..." என்றார் அண்ணாச்சி.

கூசாதுதான். எழுதிக் கொடுத்த எனக்குத்தான் இன்னும் கூசுகிறது!