அக்கா கேட்ட சாட்சி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைப் படிக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு மனு எடுத்துக்கொண்டு அலைந்த பால்காரப் பெண்களுக்கும் என் வணக்கம்.

அக்கா பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். மணமான மூன்றாம் ஆண்டே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். அப்பா கொடுத்த இரண்டு மாடுகளை வைத்தே மகளை நர்சிங் படிக்க வைத்தார். என்னை ஐடிஐயில் சேர்த்ததும் அவர்தான். அந்தப் படிப்பால்தான் ஒரகடத்தில் எனக்குக் கம்பெனி வேலை கிடைத்தது.

ஏரியை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் கேன்டீன் மிச்சச் சோற்றைப் பிளாஸ்டிக் பையோடு வண்டியில் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். அக்காவின் சிவப்பு மாடு நான்கு நாள் தீனி எடுக்காமல் வயிறு உப்பிச் செத்தது. கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்து எடுத்துக் காட்டிய பைகள் ஒரு கூடை இருந்தன. மறுநாளே அக்கா வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். கிராம சபையில் எழுந்து பேசினார்.

"வளர்ச்சிக்குக் குறுக்க நிக்காதம்மா" என்றார் ஒருவர்.

"நான் எங்க சார் குறுக்க நின்னேன்? எங்க மாடு மேயிற எடத்துலதான் அவுங்க கொட்டினுகீறாங்க."

வார்டு தேர்தலில் நின்று தோற்றார். தோற்ற மறுவாரமே தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

அங்கே சுற்றுவட்டாரக் கம்பெனிக்காரர்களையும் அழைத்து நடந்த பேச்சுவார்த்தைக்கு நானும் போயிருந்தேன். அந்தக் குப்பை வண்டி எங்கள் கம்பெனி கேன்டீனிலிருந்து கிளம்புவதை ஷிப்ட் முடிந்து வரும்போது பலமுறை பார்த்தவன் நான். அக்காவிடமும் சொல்லியிருந்தேன்.

"எந்தக் கம்பெனி வண்டின்னு பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு எதிரே எங்கள் மேலாளர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாகும் சமயம். குனிந்து செல்போனைப் பார்த்தேன். சாட்சி இல்லையென்று மனுவை முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும், "டீ குடிக்கிறியாடா?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

குப்பை தொடர்ந்து விழுந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அம்மாவின் சினைப்பசு அதைத் தின்றுதான் செத்தது; வயிற்றுக் கன்றும் போனது. பிறகு அவரும் அக்காவும் ஸ்கூட்டியில் வண்டியைப் பின்தொடர்ந்து, கொட்டும்போதே படம் எடுத்து, கலெக்டர் அலுவலகம் வரை போனார்கள். நிலத்துக்கு வேலி வந்தது. குப்பை நின்றது.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்த பிறகு, ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் சொன்னேன்: "அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்க்கா."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "என்கிட்ட இன்னாத்துக்குடா சொல்ற? ஸ்டெல்லாகிட்ட போய்ச் சொல்லு."

நான் போகவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த என் ஷிப்ட் நண்பர்களுக்கும், கடைசி மாதங்களில் அக்காவின் மாடுகளைத் தம் கொட்டகையில் கட்டிக் காத்த ஸ்டெல்லா அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஸ்டெல்லா அம்மா, உங்களுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது. அது எங்கள் கம்பெனி வண்டி என்று எனக்கு அன்றே தெரியும். நான் சொல்லியிருந்தால் உங்கள் பசு பிழைத்திருக்கும். நேரில் வந்து சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை. ஊரே படிக்கும் இந்த மலரில் சொல்கிறேன். என்னை மன்னியுங்கள்.

— தம்பி