மாமனார் திட்டிய வீடியோ

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் போகும். எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக வந்து நிற்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர் பயந்துவிடக் கூடாதே என்று கதவுக்கு வெளியே நின்றபடி வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக்கொண்டே வேலையை முடிப்பார். அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கோளாறானாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார். மனதுக்குள் ஒரு பாட்டின் பல்லவியைப் பாடி முடிப்பார். பிறகு சுவிட்சைப் போடுவார். முக்கால்வாசி லிஃப்ட்டுகள் அந்தப் பல்லவிக்கே சரியாகிவிடும். மீதிக் கால்வாசிக்குத்தான் தனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு வீட்டில் எல்லோருடைய படங்களையும் சேமித்து வைக்க ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைக்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்ததோ தெரியவில்லை. ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தினார். துணி அலமாரியின் கீழ்த்தட்டில் போர்வைகளைக் கிளப்பிவிட்டு அங்கே அதைக் குடியேற்றினார். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர் யாரும் தப்பிக்க முடியவில்லை. போன் என்பது கைதவறினால் போச்சு, போட்டோவையெல்லாம் சர்வரில் போடுங்கள், ஒரு டிஸ்க்கில் எழுதுவது அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்படும், ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது இருக்கும் என்று காபி ஆறும்வரை பிரசங்கம் செய்வார். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அவர் வாய்க்குப் பயந்தே தங்கள் படங்களைக் கொடுத்தார்கள்.

மனைவி மட்டும் நம்பிக் கொடுத்தாள். அவளுடைய போனில் இடமில்லை, இடமில்லை என்று எப்போதும் புலம்பல். ஒரு விடுமுறை நாளில் அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சர்வருக்கு மாற்றிவிட்டு, போனில் இருப்பதை அழிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார். கடைசியாக ஒரு வீடியோவை அழிக்கும்போது அவள் விரல் தயங்கியது. "இது பத்திரமா இருக்கும்ல?" என்று கேட்டாள். "என்ன நம்பு," என்றார் லிஃப்ட்காரர்.

அது அவளுடைய அப்பாவின் வீடியோ. அந்த மனிதர் கேமராவைக் கண்டால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார். ஆளைக் காட்டும் படங்கள் நிறைய உண்டு. குரலைக் காட்டுவது இது ஒன்றுதான். மனைவியின் தங்கை புதிதாக மாடி வீட்டுக்குக் குடிபோன அன்று எடுத்தது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் நம்மவர் பொறுப்பில் இருந்தது. மாமனார் ஏறினார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. மருமகன் ஓடிப்போய்ப் பல்லவி பாடிப் பார்த்து, அது பலிக்காமல், கடைசியில் கையால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை நகர்த்தி அவரை வெளியே எடுத்தார். அப்போது புது வீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்த மனைவி போனோடு அங்கே நின்றாள். வெளியே காலை வைத்த மாமனார், அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் மருமகனை விட்டு விளாசினார். விளாசி ஓய்ந்தபிறகு, "சரி சரி, அவன சாப்பிட வரச் சொல்லு. எண்ணெக் கையோட எவ்வளவு நேரந்தான் நிப்பான்," என்றார்.

பல வருஷம் அந்த வீடியோதான் குடும்பத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. நாலு பேர் கூடினால் போட்டுவிடுவார்கள். லிஃப்ட்காரர் காற்று வாங்கப் போகிறேன் என்று பால்கனிக்கு நழுவிவிடுவார். போன வருஷம் மாமனார் இறந்தார். அதன்பிறகு அதைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தெம்பு வரவில்லை. இப்போதுதான் தங்கை வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து அப்பாவைப் பார்க்கணும், டீவியில் போட்டு வையுங்கள் என்று மனைவி சொன்னாள். சொன்ன மறுநாளே மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது.

சர்வர் எழுந்தது. டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. உண்மையில் அது நிற்கவில்லை, உள்ளே பொறுமையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நம்மவருக்கு அது இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிஃப்ட்டாகத் தெரிந்தது. சுவிட்சை அணைத்தார். பல்லவி பாடினார். போட்டார். மறுபடி அதே வரி. மறுபடி பல்லவி. இன்னும் ஒரு தடவை ஆனதும் வரி மாறியது. டிஸ்க்கை மவுன்ட் செய்ய முடியவில்லை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை என்று கைவிரித்துவிட்டது. இரண்டாவது டிஸ்க் இருக்கிறதே என்று அதைப் பார்த்தார். முதலாவதில் எழுதுவதையெல்லாம் எழுதுவது அதன் கடமை. நடந்த குளறுபடியையும் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது.

மனைவியிடம் பராமரிப்பு வேலை நடக்கிறது என்று பூசி மெழுகினார். அதோடு விட்டிருக்கலாம். பேச்சுக்கு ஆதாரம் வேண்டும் என்று, 'பராமரிப்பில் உள்ளது, பொறுத்தருள்க' என்று எழுதிய லிஃப்ட் பலகை ஒன்றை வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து துணி அலமாரிக் கைப்பிடியில் மாட்டினார். மனைவி பலகையைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். அந்தப் பலகை தொங்குகிற கட்டிடங்களில் சனங்கள் எத்தனை நாள் படியேறுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரம்மாவிடம் போய், சிநேகிதர் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று நடந்ததைச் சொன்னார். அந்தம்மா அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க சிநேகிதர் இனிமே அந்த டிஸ்க்ல கைய வைக்கக் கூடாது. மொதல்ல அத அப்படியே புது டிஸ்க் ஒண்ணுல காப்பி எடுக்கணும். ரிப்பேரெல்லாம் காப்பியிலதான். நடுவுல சுவிட்சத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

சிநேகிதர் சொன்னபடி கேட்டார். புது டிஸ்க் வாங்கினார், லீவு போட்டார். காப்பி ஓட ஓட, கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடுமோ என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு காப்பியில் ரிப்பேர் ஓடியது. அது முடிந்தபோது படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் திரும்பி வந்திருந்தன. ஆனால் எதற்கும் பெயரில்லை, வெறும் எண்கள்தான். சமையலறை டப்பாக்களெல்லாம் ஒரே நிறமாகிப்போனால் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்ப்போமே, அப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது. திறந்தால் மின்விசிறி. திறந்தால் யாருடைய கட்டைவிரலோ. திறந்தால் லிஃப்ட் மோட்டார், லிஃப்ட் மோட்டார், மறுபடியும் லிஃப்ட் மோட்டார். இத்தனை மோட்டாரையும் எந்த மடையன் எடுத்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அது கிடைத்தது. கதவு திறந்தது, மாமனார் வெளியே வந்தார், திட்டு ஒரு சொல் குறையாமல் கணீரென்று கேட்டது. ஓய்ந்தார், மூச்சு வாங்கினார், "சரி சரி" சொல்ல வாயைத் திறந்தார். படம் அப்படியே உறைந்துவிட்டது. திரும்பப் போட்டார். அதே இடம். இரண்டாவது டிஸ்க்கையும் காப்பி எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே இடம். ஆயுளில் மாமனார் மருமகனைப் பற்றிப் பேசிய ஒரே நல்ல வார்த்தை போய்விட்டது. திட்டெல்லாம் குத்துக்கல்லாக இருந்தது.

இதென்ன நியாயம் என்று அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவோ போயிருக்கிறது, இதுவும் போயிற்று என்று சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும் இடம்வரைக்கும் போனார். பக்கத்து அறையில் மனைவி டீவித் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் தங்கை வரவில்லை, அதற்குள் நாற்காலிகளை இழுத்துப் போட்டிருந்தாள். அவள் விரல் அன்றைக்குத் தயங்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்பதை அழுத்தினார்.

சாயங்காலம் அக்காவும் தங்கையும் ஒட்டி உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் பால்கனிக்குப் போகவில்லை. சுவரோரம் நின்றுகொண்டார்.

"மாப்பிள்ளையாம், லிஃப்ட் மெக்கானிக்காம்," என்று அறை அதிர ஆரம்பித்தார் மாமனார். "இவன நம்பி ஏறினேன் பாரு, என்னச் சொல்லணும். ஏணியக் குடுத்தாகூட நடுவுல நிறுத்திருவான். உள்ள நான் இருக்கேனா செத்தேனான்னு தெரியல, வெளிய நின்னுகிட்டு இன்னிக்கு வெயில் ஜாஸ்தி மாமாங்கறான்."

தங்கை சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவரும் கண்ணைத் துடைத்தார்கள். மாமனார் மூச்சு வாங்கினார், வாயைத் திறந்தார், உறைந்தார். நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பாவின் அதே கரகரத்த குரலில், அதே அலுப்போடு சொன்னாள்.

"சரி சரி, அவன சாப்பிட வரச் சொல்லு. எண்ணெக் கையோட எவ்வளவு நேரந்தான் நிப்பான்."

டிஸ்க் போன அன்றுகூட அழாத மனிதர் அப்போது அழுதுவிட்டார். தங்கை அதைக் கவனிக்காத மாதிரி, "மாமா, இன்னொரு தடவ போடுங்க, கொஞ்சம் சத்தமா," என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.