அம்மா இந்த நிமிடம் என்ன செய்கிறாள்

நர்சிங் முடித்த கையோடு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். செல்போனில் வீடியோ நேர்காணல், பேச்சு முழுக்க ஆங்கிலம். நடந்துகொண்டிருக்கும் காரியத்தைச் சொல்வதுதான் எனக்கு வராது. எனக்கு ‘ஆம்’, அவளுக்கு ‘இஸ்’, அவர்களுக்கு ‘ஆர்’, வினையின் வாலில் ‘இங்’. இவ்வளவுதான். ஆனால் சனியன், வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று தொலைந்துபோகும்.

அதனால் ஒரு மாதமாக எதைச் செய்தாலும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தேன். ஐ ஆம் வாஷிங் தி பிளேட்ஸ்.

“ஏட்டி, தட்டக் கழுவுறத ஊருக்கே சொல்லணுமாக்கும்?” என்பாள் அம்மா.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், பட்டாசு செய்யும் வெடி ஆபீசில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி வேன் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது வீட்டு அலமாரியிலேயே கிடக்கும்.

நேர்காணல் அன்று வேன் ஏறும்போது, “அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதுட்டி. நிதானமாப் பேசு” என்றாள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை மூன்று தடவை இடம் மாற்றிப் போட்டேன்.

பதினொரு மணிக்குத் திரையில் ஒரு அம்மையார் வந்தார். உன் அம்மா இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டார். அடித்தது யோகம் என்று வாயைத் திறந்தேன். டமார் என்று ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. சோதனைக்குப் போடும் வெடி எது, ஆபீசே வெடிக்கும் சத்தம் எது என்று எங்களுக்குத் தெரியும். தெருவில் ஆட்கள் ஓடினார்கள்.

“மை மதர் இஸ் பேக்கிங் கிராக்கர்ஸ்” என்றேன். ‘இஸ்’ தொலையவில்லை, ‘இங்’ தொலையவில்லை. அவர் “வெரி குட்” என்றார். இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஏன் எழுந்து ஓடவில்லை? இன்றுவரை என்மேல் எனக்கே ஆத்திரம் தீரவில்லை.

முடிந்ததும் வேன் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். வெடித்தது வேறொரு ஆபீசாம், ஷெட் மட்டும் போயிற்றாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லையாம். யார் சொல்லியும் மனசு நம்பவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஆபீசுக்கும் லீவு விட்டுவிட்டார்கள். மூன்றாவது வேனிலிருந்து, கையெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்தோடு அம்மா இறங்கினாள்.

“என்னட்டி, செருப்புக்கூடப் போடாம நிக்க? பேசுனியா? என்ன கேட்டாக?”

“நீ இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருக்கன்னு கேட்டாக.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“அட கிறுக்கி, வெடி அடுக்கிக்கிட்டு இருக்கான்னு சொல்ல வேண்டியதுதான? இதுகூடவா ஒனக்குத் தெரியல?”