வாசலில் நின்று வழி சொன்னேன்

வியட்நாமில், பென் தான் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலாளி வியட்நாமியப் பெண்மணி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலையில் நான் கெட்டிக்காரி. அதை நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

இந்த ஊரில் புத்தாண்டு முடிந்து கடை திறக்கும் நாளில் யார் முதலில் உள்ளே வருகிறார்கள் என்பது பெரிய விஷயம். ராசியான ஆள் வந்தால் வருஷம் முழுக்க வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். இங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர். அக்கா புலி வருஷத்தில் பிறந்தவர். நான் குரங்கு வருஷம். இரண்டுக்கும் ஆகவே ஆகாதாம். அதனால் அவருடைய பெரியப்பா முதலில் நுழைவார். முதல் லாகினும் அவர்தான் செய்வார். அதுவரை நான் வாசற்படியைத் தாண்டக் கூடாது. ராகு காலம் பார்த்துக் கல்லாவைத் திறக்கிற ஊர்க்காரி நான், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் விடுமுறைக்கு முன்பு அக்கா ஒன்று சொல்லியிருந்தார்.

"தொறக்குற அன்னைக்குக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா, மறுநாள்லேருந்து நீ வர வேண்டாம்."

மக்கர் பண்ணியது. பெரியப்பா பாஸ்வேர்டை ஒரு விரலால் தட்டினார். உள்ளே விடவில்லை. மறுபடியும் தட்டினார். இந்தக் கம்ப்யூட்டரின் நேரமும் சர்வரின் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று ஆங்கிலத்தில் வந்ததை, அக்கா வாசலில் நின்ற எனக்குக் கேட்கும்படி படித்தார். நல்ல நேரம் பதினொரு மணியோடு முடிகிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. விடுமுறைக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டது. தேதி தப்பாக இருந்தால் சர்வர் யாரையும் நம்பாது. நான் உள்ளே போனால் ஒரு நொடி வேலை. போகத்தான் முடியாது.

அக்காவோ சாமி மாடத்தின் முன் கண்ணை மூடி நின்றுவிட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னால் பெரியப்பாவுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. திரையை என் பக்கம் திருப்பும்படி சைகை காட்டினேன். அணைத்துப் போட்டு, டி, இ, எல் என்று எழுதியிருந்த பட்டனை அழுத்த வைத்தேன். நீலத் திரை வந்தது. அங்கே மவுஸ் நகராது, அம்புக்குறிப் பட்டன்கள்தான். எனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியோ மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்களிடம் கற்றது. இடது, வலது, நேரே, நிறுத்து. அது போதும் என்று தோன்றியது.

"வலது பக்கம். இன்னும் வலது. நிறுத்துங்க ஐயா."

"என்னைய எங்க ஆத்தா கூட்டிட்டுப் போற?" என்று சிரித்தார் பெரியப்பா.

"பென் தானுக்குத்தான்."

கூட்டல் குறியை அழுத்தினால் வருஷம் ஏறும். கீரைக்காரியிடம் கேட்பது போல "இன்னும், இன்னும்" என்றேன். ஒரு வருஷம் வந்ததும், பேரன் பிறந்தது அப்போதுதான் என்று அங்கேயே நின்றுவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி நகர்த்தினேன்.

தேதி சரியானது. மறுபடியும் ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். லாகின் ஆனதும் வருகிற அந்தச் சின்ன இசை கேட்டது. நல்ல நேரம் இன்னும் மிச்சமிருந்தது. அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பட்டனைக்கூடத் தொடாமல், அரைகுறை பாஷையில் சாதித்திருக்கிறேன்! சாயங்காலம் த்ருவோங் டின் தெருக் கோயில் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். அவளுக்கு நன்றி சொன்னதைவிட அவளிடம் பீற்றிக்கொண்டதுதான் அதிகம்.

அந்த வாரமே எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் புது பேட்டரி போட்டேன். ஆகவே அடுத்த புத்தாண்டுக்குக் கடை திறக்கும் நாளில் என்னை யாரும் தேட மாட்டார்கள், சாவகாசமாகப் போகலாம் என்று வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்க? ஒடனே வா."

"மறுபடியும் மக்கரா அக்கா?"

மக்கரெல்லாம் இல்லை. பெரியப்பா கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன் என்கிறாராம். விழுந்தடித்து ஓடி வாசற்படியில் போய் நின்றேன். திரை ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து ஒரு விரலை நீட்டினார்.

"வழி சொல்றவ வராம நான் எப்பிடி ஆத்தா வண்டிய எடுக்குறது?"