அப்பா பேசிய கசெற்

எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்காத வீடியோக் கசெற் ஒன்று இருந்தது. என்னுடைய சாமத்தியவீட்டுக் கசெற். ஒரு பிள்ளை பெரியவளானதை ஊரைக் கூட்டிச் சொல்லி, பந்தல் போட்டு, பலகாரம் சுட்டு, அதை வீடியோவும் எடுத்து வைக்கிற வழக்கத்தை யார் தொடக்கினாரோ தெரியாது. ஒருநாள் அந்த ஆள் என் கையில் அகப்பட்டால் நன்றாக நாலு கேள்வி கேட்பேன்.

ஆனால் கசெற்றைப் பார்க்காமல் விட்டதற்கு என் கோபம் காரணமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படம்பிடித்த வீடியோக்காரர், எடிட்டிங் செய்து தருகிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அதற்குள் அப்பா இறந்துவிட்டார். நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. கசெற் வந்து சேர்ந்தபோது எங்கள் வீடு செத்தவீடாக இருந்தது. கசெற் ஓட்டுகிற டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து என்னைச் சோடித்து வைத்த அழகைப் பார்க்கிற நிலையில் ஒருவரும் இல்லை. பிறகு போரால் இடம்பெயர்ந்தோம். பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதியோடும் ஒரே பைக்குள் கிடந்து அந்தக் கசெற்றும் ஊர் ஊராக அலைந்தது. நாங்கள் எங்கள் ஊரான வேலணைக்குத் திரும்பியபோது எங்களோடு திரும்பி வந்தது.

அம்மா மட்டும் இடைக்கிடை அதைப் பற்றிச் சொல்லுவார்.

"அதிலை கொப்பர் கனக்கக் கதைச்சவர், பிள்ளை. கமராவைப் பாத்துக்கொண்டு நிண்டு கதைச்சவர். நான் குசினியிலை நிண்டனான். என்ன சொன்னவரெண்டு கேக்கேல்லை."

அப்பா பேசியது எனக்கும் கேட்கவில்லை. அந்த நேரம் என்னை அறைக்குள் வைத்து மூன்றாவது சேலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு அப்போது ஒரு வயது. இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அப்பாவின் படங்கள் அவனிடம் இருக்கின்றன, குரல் இல்லை. வேறெந்த இடத்திலும் அப்பாவின் குரல் பதிவாகவில்லை. தொலைபேசியில் ஒருநாள் கேட்டான்: "அக்கா, அப்பாவின்ரை குரல் எப்பிடி? தடிச்ச குரலோ, மெல்லிசோ?" அப்பா செருமுவது ஞாபகம் இருந்தது. சைக்கிளை வேலியோடு சாத்துகிற சத்தம் ஞாபகம் இருந்தது. குரல் எனக்கே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது.

அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அங்கிருந்து நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் தம்பி ஒரு சின்னப் பொருளைக் கொடுத்துவிட்டிருந்தான். ஒரு பக்கத்தை வீட்டுக் கணினியில் செருக வேண்டும், மறுபக்கத்தில் மூன்று வயர், மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. அதை டெக்கில் கொளுவினால் கசெற்றில் இருப்பது கணினிக்குள் வந்துவிடுமாம். பிறகு அதை இறுவட்டில் எழுதி அம்மாவுக்கு ரீவியில் போட்டுக் காட்டலாமாம். "நீங்கள் கந்தோரிலை கொம்பியூட்டரிலைதானே வேலை செய்யிறியள், அக்கா" என்றான். நான் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிறவள். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் "ஓம்" என்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

டெக் தேடுவதே பெரும்பாடாயிற்று. கடைசியில் ஊர்காவற்றுறையில் ஒரு உறவினர் வீட்டுக் கட்டிலின் கீழிருந்து ஒன்று கிடைத்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே கரப்பான் முட்டைகளும் எலிப்புழுக்கையும் நிறைந்து, நடுவில் ஒரு பல்லி தோலும் எலும்புமாய் ஒட்டிக் கிடந்தது. ரப்பர் பட்டி உருகித் தார்போலாகி விரலில் இழுபட்டது. சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவியும் அந்தக் கறுப்பு நகத்துக்குள் இருந்தது. அன்று இரவு சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். பட்டியை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் மாற்றி, உள்ளே எல்லாம் ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புக்காற்றில் துருவேறிய செருகுதுளைகளை ஊசியால் சுரண்டி எடுத்தேன்.

அடுத்தது கசெற். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருந்தது. திறந்ததும் ஒரு மணம் வந்தது, பழைய மழைத்தண்ணீரில் ஊறிய சாக்கு மணம். மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். ஓட்டுவதும் துடைப்பதும் திரும்ப ஓட்டுவதுமாக ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது.

படம் வந்தபோது கறுப்பு வெள்ளையாய் வந்தது. என் சிவப்புச் சேலை சாம்பல் நிறம், குங்குமம் கறுப்பு. வயரைக் குற்றம் சொன்னேன், டெக்கைக் குற்றம் சொன்னேன், தம்பியையும் விடவில்லை. விசயம் வேறு. கசெற்றுக்கு நாட்டுக்கு நாடு ஒரு முறை இருக்கிறதாம். கணினி தன்பாட்டில் அமெரிக்க முறையைத் தெரிவு செய்து வைத்திருந்தது. அதை மாற்றியதும் நிறம் வந்தது. சத்தம் வரவில்லை. முதலில் படம் ஒழுங்காக வரட்டும், சத்தத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஓடவிட்டேன்.

இந்த வேலையில் ஒரு சனியன் இருக்கிறது. கசெற் ஓடுகிற நேரம் முழுவதும் ஓடித்தான் ஆகவேண்டும், வேகமாக ஓட்டிக் கணினிக்குள் எடுக்க ஏலாது. இடையில் படம் கிழிந்து கோடு கோடாய் ஓடும். அப்போது டெக்கின் பொத்தானை அழுத்திச் சரிசெய்ய வேண்டும், ஆகவே எழும்பிப் போகவும் ஏலாது. நான் அதை இருந்து பார்த்தேன். முழுவதும் பார்த்தேன்.

தோயவார்க்கிற காட்சி வந்தது. கிணற்றடியில் ஈரத்துணியோடு குந்தியிருக்கிறேன். மாமி தண்ணீர் ஊற்றுகிறார். துணி உடம்போடு ஒட்டுகிறது. கமரா கிட்ட வருகிறது, இன்னும் கிட்ட வருகிறது. நான் கைகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிறேன். யாரோ ஒரு பெண்ணின் கை வந்து என் கையை எடுத்துக் கீழே விடுகிறது, படத்துக்கு மறைக்கிறதாம். சுற்றி நிற்கிற பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்கள். 'கமராவை அங்கால் திருப்பு' என்று சொல்ல ஒரு வாய் அங்கே இருக்கவில்லை. பல்லியிலும் எலிப்புழுக்கையிலும் வராத அருவருப்பு எனக்கு அந்த இடத்தில் வந்தது. அடுத்த காட்சியில், இவ்வளவும் போதாதென்று, ஒரு ரோசாப்பூ விரிய அதற்குள்ளிருந்து என் முகம் சுழன்று சுழன்று வந்தது. வீடியோக்காரரின் கலை.

பிறகு அப்பா வந்தார்.

வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, இடுப்பில் தம்பி. சால்வைத் தலைப்பால் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டுக் கமராவைப் பார்த்தார். பேசத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, யோசித்து யோசித்து, வலது கையை ஒருமுறை தூக்கிக் காட்டிப் பேசினார். கொஞ்சமில்லை, கனக்கப் பேசினார். அம்மா சொன்னது உண்மைதான். நான் திரையோடு முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் கேட்கவில்லை.

சத்தத்துக்கு எங்கெங்கோ தேடி, எதையோ அழுத்தி, மறுநாள் அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை சத்தம் பதிவாகிறது என்று காட்டும் பச்சைக்கோடு துள்ளியது. அந்த மகிழ்ச்சியில் நான் கேட்டுப் பார்க்காமலே துண்டைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். சிறிது நேரத்தில் அழைத்தான். அழுகிறான்.

"கேட்டிட்டன், அக்கா. சொல்லு ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் குரல் கேக்குது. கரகரத்த குரல், என்ன?"

ஓடிப்போய்ப் போட்டுக் கேட்டேன். அப்பா வாயை அசைக்கிறார். தூரத்தில் ஒரு ஆண்குரல் இழுத்து இழுத்து ஏதோ சொல்கிறது. அதற்குப் பின்னால் 'பாம் பாம்' என்று ஒரு ஹோன். எங்கள் ஒழுங்கையால் வருகிற மீன்காரரின் சைக்கிள் ஹோன். கணினி டெக்கை விட்டுவிட்டுத் தன் மைக்கால் எங்கள் வீட்டைப் பதிந்திருக்கிறது. அதற்குள் அம்மாவின் இருமல், கோழி, நான் யாரையோ ஏசுகிறது எல்லாம் இருந்தன.

"தம்பி, அது அப்பா இல்லையடா. அது மீன்காரன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

பிழை எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. மைக்கை நீக்கி, வயரால் வருவதை எடு என்று மாற்றினேன். ஆடிக்கொண்டிருந்த வெள்ளை வயரை இறுக்கிச் செருகினேன். கசெற்றின் சத்தம் வந்தது. நல்ல தெளிவான சத்தம். ஒரு சினிமாப் பாட்டு.

தொடக்கம் முதல் பாட்டு. கிணற்றடியில் பாட்டு, ஆலாத்தி எடுக்கிற இடத்தில் பாட்டு, அப்பா பேசுகிற இடத்தில் ஒரு ஆணும் பெண்ணும் மழையில் நனைந்து பாடுகிற காதல் பாட்டு. எடிட்டிங் என்று அந்த மனிதர் மாதக்கணக்கில் செய்தது இதைத்தான். எடுத்த சத்தத்தை அழித்து அதன்மேல் பாட்டை ஏற்றியிருக்கிறார். எனக்கு நம்ப மனமில்லை. வெள்ளை வயரை மட்டும் வைத்துப் பார்த்தேன், சிவப்பை மட்டும் வைத்துப் பார்த்தேன், ஒன்றிலாவது அப்பா இருக்கமாட்டாரா என்று. இரண்டிலும் அதே ஜோடிதான் நனைந்துகொண்டிருந்தது.

"பாட்டை எடுத்துப்போட்டு அடியிலை இருக்கிறதை எடுக்கேலாதோ, அக்கா?"

"அடியிலை ஒண்டும் இல்லை, தம்பி. அழிச்சுப்போட்டுத்தான் போட்டிருக்கு."

அதற்குப் பிறகு ரீவியின் சத்தத்தையும் கணினியின் சத்தத்தையும் நிறுத்திவிட்டுத்தான் மிச்ச வேலையைச் செய்தேன். அந்தப் பாட்டுகளைக் கேட்கக் கேட்கக் காதுக்குள் அழுக்குப் படிகிறது போலிருந்தது. கிணற்றடிக் காட்சியை வெட்டி எறிந்தேன். "முழுக்க விடுங்கோவன், அக்கா, பழசுதானே" என்றான் தம்பி. "உன்னை ஈரத்துணியோடை நிப்பாட்டிப் படம் எடுத்திருந்தால் உனக்குப் பழசு புதுசு தெரியும்" என்றேன்.

அப்பாவை அசைகிற படமாகவாவது பார்க்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். ஆகவே இறுவட்டு. அது இன்னொரு தலையிடி. முதலாவது அரைவாசி எழுதியதும் கணினி வெளியே துப்பியது. இரண்டாவது கணினியில் ஓடியது, ரீவிக்குக் கீழிருந்த பிளேயரோ இறுவட்டே இல்லை என்றது. பிளேயருக்கு விளங்குகிற முறையில் எழுதாமல் வெறும் கோப்பாக எழுதினால் அப்படித்தானாம். மூன்றாவது எழுதி முடிகிற நேரத்தில் கறண்ட் போனது. கெட்டுப்போனவற்றை அம்மா எடுத்துத் தக்காளிப் பாத்தியில் நூலில் கட்டித் தொங்கவிட்டார், காகம் வராதாம். காகங்கள் அதில் முகம் பார்த்துவிட்டுத் தக்காளியைத் தின்றன.

வேகத்தைக் குறைத்து மெல்ல எழுதிய ஒன்று கடைசியில் சரிவந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவை ரீவிக்கு முன் கதிரையில் இருத்தினேன். தம்பியும் பார்க்கட்டும் என்று கைபேசியை ஒரு பிஸ்கற் ரின்னில் சாத்திவைத்தேன். இறுவட்டு எங்கேயும் தடக்குப்படுகிறதா என்று கடைசிவரை பார்க்கவேண்டியிருந்ததால் நானும் இருந்தேன். அம்மாவுக்குக் காது மந்தம். சத்தத்தை உச்சத்தில் வைக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.

அப்பா வந்தார். பேசத் தொடங்கினார். பாட்டு வீட்டை நிறைத்தது. அம்மா சேலைத்தலைப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அப்பா பேசி முடித்து, கையைக் கீழே விட்டார். பாட்டும் முடிந்தது.

அடுத்த பாட்டை ஏற்றுவதற்கு வீடியோக்காரருக்குச் சற்றுக் கை பிந்தியிருக்கவேண்டும். இரண்டு பாட்டுக்கும் நடுவில் பழைய சத்தம் அழியாமல் கிடந்தது. வயர் மாற்றிப் பார்த்தபோது பாட்டு முடியுமட்டும் நான் கேட்கவில்லை, பிறகு சத்தத்தை நிறுத்தி வேலை செய்தபடியால் அது என் காதில் படவில்லை. முதலில் ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"முடிஞ்சுதோ, அண்ணை?"

"ஓம் தம்பி, முடிஞ்சுது. என்ரை பிள்ளையள் வளந்தாப்பிறகு கேக்கட்டும்."

"சரி அண்ணை, சரி."

உடனே அடுத்த பாட்டுத் தொடங்கியது.

மெல்லிய குரல். கரகரப்பே இல்லை. கேட்டவுடன் எனக்குத் தெரிந்தது, இதுதான், இதேதான். மறந்தேன் என்று நினைத்தது என் காதுக்குள்தான் இருந்திருக்கிறது. அதைவிட நன்றாக எனக்குக் கேட்டது அந்தச் 'சரி அண்ணை, சரி'. சரியாம். ஒரு மனிதன் நின்று யோசித்து யோசித்துத் தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். அதற்குச் சரி என்று சொன்ன வீடியோக்காரன் போய், ஒரு சொல் மிஞ்சாமல் துடைத்திருக்கிறான். எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

கைபேசிக்குள் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அதுக்கு முதல் அப்பா என்ன சொன்னவர்?"

பின்னால் ஓட்டி, அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். அப்பா எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார். பாட்டில் நனைகிற அந்த இருவரும் உச்சச் சத்தத்தில் பாடினார்கள்.

அம்மா கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்தார். குனிந்து, காதைத் திரைப்பக்கம் கொடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமலே சொன்னார்:

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறை, பிள்ளை. அவர் கதைக்கிறார்."