கேட்டுக்கு வெளியே நின்ற ஸ்கேனர்

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுருட்டப் போனேன். அங்கிருந்து சிவகாசிக்கு வந்து ஓர் அச்சகத்தில் பேப்பர் அடுக்கினேன். பிறகு மெஷின் ஓட்டினேன். பிறகு மெஷினையே வாங்கினேன். வடக்கே ஏதோ ஓர் ஊரில் தீபாவளிக்கு மத்தாப்புப் பெட்டியைப் பிரிக்கிறவர், மூடியில் இருக்கும் மயிலின் நீலம் கோட்டுக்கு வெளியே சிந்தாமல் விழுந்திருப்பதைப் பார்த்தால், அது என் மெஷினில் ஓடிய லேபிளாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை ஒரு ஸ்கேனர் நாய் படாத பாடு படுத்தியது. பள்ளிக்கூடப் பிள்ளையின் சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிய பொருள். அதற்கு மோட்டார் என்று இருப்பதே காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும். ஆனால் நான் ஓட வைத்த மெஷின்களில் எதைப் பற்றியாவது எழுது என்றால் அதைப் பற்றித்தான் எழுதுவேன். காரணம் என் வீட்டுக்காரி.

அவள் டீச்சர். எனக்கு வாக்கப்பட்டு வந்தபோது பத்தாவது முடித்திருந்தாள். டீச்சர் டிரெயினிங்குக்கு நான்தான் அனுப்பினேன். "பொண்டாட்டிய படிக்க வச்சா உன்ன மதிக்க மாட்டாடா" என்று சொன்ன கூட்டாளிகள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் என் மனைவிதான் பிறகு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தாள். சோறு இல்லாமல் ஒரு நாள் இருந்துவிடுவாள், கதைப் புத்தகம் இல்லாமல் இருக்க மாட்டாள். அடுப்பில் பால் பொங்குவதும் அவள் பக்கத்தைத் திருப்புவதும் எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றாள். இனி நாள் பூராவும் படிக்கலாம் என்று இருந்தாள். அப்போதுதான் கண்ணில் நடுப்பாகம் மங்கத் தொடங்கியது. ஓரத்தில் எல்லாம் தெரியும், நேராகப் பார்த்தால் புகை போட்டது போல் இருக்கும். மதுரைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிற வியாதி இல்லை, எழுத்து ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒருவேளை படிக்க வரலாம் என்று டாக்டர் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்க காது ரெண்டும் தெரியுது. மூஞ்சிதான் தெரியல."

"அம்புட்டு ஒண்ணும் நட்டம் இல்ல, விடு" என்றேன்.

அப்புறம் நான் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். லைப்ரரியில் இருந்து எடுத்து வந்த ஒரு நாவலைப் பாதியில் விட்டிருந்தாள். ஆனால் பாதி மறந்துவிட்டது என்று சொல்லி முதலில் இருந்து படிக்கச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டிப் பழகியது லேபிளில். லேபிளில் எதுவும் நாலு வார்த்தைக்கு மேல் போகாது. கதை எழுதுகிறவர்களோ ஒரு வரியை ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில்தான் முடிக்கிறார்கள். மூச்சு முட்டுகிற இடம் வந்தால் தாண்டிவிடுவேன். தாண்டின இடத்தில் சொந்தமாக ஒரு வரி போட்டு ஒட்டிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். நன்றாகத்தான் படிக்கிறோம் போலிருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அச்சகத்துக்கு வந்தாள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பரப்பி முடிந்தது. டிசைன் ரூமில் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். டிசைன் போடுகிற தம்பி ஒரு வெடிப் பெட்டி லேபிளைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவள் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள்.

"கையில்... பிடித்து... வெடிக்காதீர்" என்றாள்.

பெட்டியின் அடியில் எறும்பு மாதிரி ஓடுகிற எழுத்து அது. யாரும் படிப்பதில்லை, அச்சடிக்கிற நாங்களே படிப்பதில்லை. திரையில் ஒவ்வோர் எழுத்தும் இட்லி அளவு இருந்தது. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தாள். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அந்த வாரமே வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்தன. ஆலோசனை சொன்னது, இவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் டீச்சர். சர்ச் கொயரில் பாட்டுப் பாடுகிற அம்மா. சனிக்கிழமை ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். எங்கள் அச்சகத்தில் அப்போதுதான் பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து சீசன் நேரத்தில் பாதி டிசைனைத் தின்றிருந்தது. அதனால் நான் முதலில் கேட்டது வைரஸைப் பற்றி.

"அந்தத் தொந்தரவே இதுல இல்ல அண்ணாச்சி. இது விண்டோஸ் இல்ல, லினக்ஸ். எங்க ஸ்கூல் லேப்ல பூராம் இதுதான்."

"அப்ப போட்டுருங்க. ஓடுனாச் சரி."

ஓடவில்லை. ஸ்கேனர் ஒயரைச் சொருகியதும் அதில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர், ஸ்கேனர் எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டியது.

"கண்ணு முன்னாடி குத்துக்கல்லாட்டம் இருக்கு, இல்லைங்குதே" என்றேன்.

"எனக்கு உங்க மூஞ்சி தெரியாத மாதிரி அதுக்கும் தெரியல போல. பாவம், வையாதீக" என்றாள் என் மனைவி.

கம்ப்யூட்டர் டீச்சர் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். ஸ்கேனர் உறுமியது. கண்ணாடிக்கு அடியில் விளக்கு ஊர்ந்து போனது.

"இப்ப நான் ரூட்டா உள்ள வந்திருக்கேன் அண்ணாச்சி. ரூட்டுன்னா இதுக்கு மொதலாளி மாதிரி. டீச்சர் பேருல வந்தா தொழிலாளி. தொழிலாளி ஸ்கேனரத் தொட அனுமதி இல்லைன்னு நிக்குது."

"இம்புட்டுத்தானா? மொதலாளியாவே வரட்டும். இந்த வீட்டுல வேற யாரு மொதலாளி?"

"வேண்டாம். மொதலாளி கை தவறி ஒரு எழுத்த மாத்தித் தட்டுனாலும் உள்ள இருக்கிறது மொத்தமும் போயிரும். டீச்சருக்கு இப்ப..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"கண்ணு தெரியாதவளுக்கு மொதலாளி வேல எதுக்குங்கிறே. வாஸ்தவந்தான். எனக்கு ஸ்கேனர் மட்டும் போதும்மா" என்றாள் இவள்.

கம்ப்யூட்டர் டீச்சர் யோசித்து ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது, இந்த ஸ்கேனரை இவள் தொடலாம் என்று அதுவே அனுமதி கொடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு வரி எழுதி வைத்தார். அணைத்துப் போட்டுக் காட்டினார். ஓடியது. இவள் நாவலைக் கவிழ்த்து வைத்தாள். பக்கம் திரையில் விழுந்தது. பெரிதாக்கி, பெரிதாக்கி, ஓரக்கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து அரைப் பக்கம் படித்தாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்ப்யூட்டர் டீச்சர் டீயை ஆறவிட்டுவிட்டார்.

மறுநாள் காலையில், ஸ்கேனர் எதுவும் இல்லை என்று மறுபடி எழுதிக் காட்டியது.

போன் போட்டோம். வந்தார். அவர் கண் முன்னால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஓடுகிறது. அவர் போன மறுநாள் காலை, இல்லை. இன்னொரு முறை வந்தார். அதே கதை. எனக்கு அந்த லினக்ஸ் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வேலையில் ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் அச்சகத்துக்குப் போகுமுன் நான்தான் அவளுக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் போவேன். ஒரு மெஷினை எப்படி எழுப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலில் மெயின். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு பெரிய மெஷின். அது ஓட்டத்துக்கு வந்த பிறகுதான் சின்னது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடுகிறவன் மோட்டாரை எரிப்பான். என் அச்சகத்தில் இதுவரை ஒரு மோட்டார் எரிந்ததில்லை.

ஆனால் இவள் முகம் மாறிவிட்டது. ஒன்றுமே படிக்காமல் இருந்தபோது கூட இப்படி இல்லை. அரைப் பக்கம் படித்துவிட்டு இல்லாமல் போனதுதான் அவளை வாட்டியது. ஒரு நாள் ஸ்கேனர் மேல் துண்டை விரித்து மூடினாள். நாவலை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"லைப்ரரியில குடுத்துருங்க. வேற யாராவது படிக்கட்டும்."

நீ முடித்த பிறகு கொடுக்கலாம் என்றேன். அன்றைக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது, நான் அதை விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றேன். "ஒரே ஒரு தடவ வாங்கம்மா" என்றேன். நான் யாரிடமும் அந்தக் குரலில் பேசுகிறவன் இல்லை.

சாயந்தரம், பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். நான் அச்சகத்தை அடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டீ குடித்துக்கொண்டு, எங்கே தப்பு என்று தெரியவில்லையே டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, சாப்பிட்டீகளா" என்று கேட்டுக்கொண்டே நான் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்தேன். கிரைண்டர் ஒயரைப் பிடுங்கினேன். அயர்ன் பாக்ஸ். டேப் ரிக்கார்டர். பேச்சு வாக்கில் ஸ்கேனர் ஒயரையும் பிடுங்கிச் சுருட்டி அதன் தலையில் வைத்தேன்.

கம்ப்யூட்டர் டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, இத தெனமும் பிடுங்குவீகளா?"

"பின்ன? பொழுது சாஞ்சா ஒயரு எதுவும் சொவத்துல தொங்கக் கூடாது."

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் தொழில் பழகிய பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூம்களுக்கு லைட்டே கிடையாது, பகல் வெளிச்சத்தில் செய்கிற வேலைதான். ஆபீஸில் இருக்கிற ஒன்றிரண்டு ஒயரையும் போர்மேன் சாயந்தரம் தன் கையால் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். சுவிட்சை அணைப்பது அவருக்குப் போதாது. எனக்கும் போதாது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் போதாது.

"காலையில யாரு திருப்பிச் சொருகுறது?"

"நான்தான். மொதல்ல மெயின், அப்புறம் கம்ப்யூட்டர், அது நல்லா எந்திரிச்ச பெறகு இது."

அவர் என் மனைவியின் தோளில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் காலையில் கேட்டில் ஆள் எண்ணி டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா, அதுபோல இந்தக் கம்ப்யூட்டர் கண் விழிக்கிற நேரத்தில் யார் வாசலில் நிற்கிறார்களோ அவர்களுக்கு அனுமதி கொடுக்கிறது. நான் ஸ்கேனரைக் கேட்டு சாத்தின பிறகு கொண்டு வந்து நிறுத்துகிறேன். தாமதமாக வந்த ஆளுக்கு டோக்கன் கிடையாது.

"அப்ப காலையில ஸ்கேனர மொதல்ல சொருகிட்டுக் கம்ப்யூட்டரப் போடுங்க. இல்லாட்டி பிடுங்காதீக."

"ரெண்டும் ஆகாது" என்றேன். "லேட்டா வந்தாலும் நம்ம ஆளுதான்னு மூஞ்சியப் பாத்து உள்ள விடச் சொல்லும்மா அந்த வாட்ச்மேன."

அவர் கொஞ்சம் யோசித்தார். அதற்கும் வழி இருக்கிறது என்றார். ஒவ்வொரு ஸ்கேனருக்கும் கம்பெனி போட்ட அடையாள எண் ஒன்று உண்டாம். அந்த எண்ணோடு எது எப்போது வந்தாலும் இவள் தொடலாம் என்று விதி எழுதினார். எழுதி முடித்ததும் நானே பிடுங்கினேன், சொருகினேன், மறுபடி பிடுங்கினேன், சொருகினேன். ஒவ்வொரு தடவையும் ஓடியது. என் பழக்கத்தை நான் மாற்றவில்லை, லினக்ஸ்தான் மாற்றிக்கொண்டது. இதை இன்றைக்கும் பலரிடம் சொல்லி வருகிறேன்.

மறுநாள் அச்சகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. காலையில் எல்லாவற்றையும் என் முறைப்படியே போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஓடியதா இல்லையா என்று போன் போட்டுக் கேட்கப் பயம். சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்தபோது துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் திரைக்குப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

நாவலின் முதல் பக்கங்கள் திறந்திருந்தன.

"பாதி வரைக்கும்தான் நான் படிச்சுக் காட்டிட்டேனே. விட்ட எடத்துல இருந்து படிக்கலாம்ல?"

"நீங்க விட்ட எடத்துல இருந்துதான் படிக்கேன். எடத்துக்கு எடம்ல விட்டிருக்கீக."

கையில் இருந்த அச்சகத்துச் சாவியை ஆணியில் மாட்டினேன்.

"நீங்க பக்கம் திருப்புற வேகத்துக்கு அம்புட்டுக் கதை வரலையே. எத்தன பிள்ளைகள்ட்ட பாடம் ஒப்பிக்கக் கேட்டவ நான்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீக." திரையைக் காட்டினாள். "இந்தா, இங்கன மழை பெஞ்சுச்சு, பஸ் வந்துச்சுன்னு முடிச்சீகளா? இங்க ஒரு பக்கம் பூராம் மழை பெய்யுது. அந்தப் பிள்ள நனைஞ்சுக்கிட்டே நிக்கிறா."

எங்கள் ஊர்க்காரனுக்கு மழை ஆகாது. மழை பெய்தால் சரக்கு காயாது, லேபிள் ஒட்டாது. அதனால் கதையிலும் அதைச் சீக்கிரம் முடித்துவிட்டிருப்பேன் போலிருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு சொல், நின்று, இன்னொரு சொல். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரிதான் படித்தாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. ஓலைக் கூரையில் விழுகிற மழை, தகரத்தில் விழுகிற மழை, அந்தப் பெண்ணின் தூக்குவாளி மூடியில் விழுகிற மழை என்று கதை எழுதின ஆள் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். நான் தாண்டிப் போனது அவ்வளவும்.

கேட்டுக்கொண்டே கிரைண்டர் ஒயரைப் பிடுங்கினேன். அயர்ன் பாக்ஸைப் பிடுங்கினேன். சுற்றி வந்து பார்த்தால் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் மட்டும் பாக்கி. ஒயரில் கை வைத்தேன். அவள் நிமிராமல், "அடுத்த பக்கம் வைக்கணும்" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பிள்ளைக்குப் பஸ் வரட்டும் என்று உட்கார்ந்தேன்.