வெல்டீன் ஒளித்து வைத்த பாறை

வெல்டீன் இனோவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோஸ்னல் அவளைப் புகழ்ந்துவிட்டான் என்று நாளைக்கு எங்கள் தீவின் ஹில்ஸ்பரோ கடைத்தெருவில் யாரும் புரளி கிளப்ப வேண்டாம். நாங்கள் இருவரும் ஒரே படகில் வேலை பார்த்தோம். நான் படகோட்டி. அவள், சிலிண்டர் மாட்டிக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறவள். அவள் படகில் ஏறி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாலே எனக்குப் பிடரி கூசும்.

அவள் பிறந்தது விண்ட்வர்ட் கிராமத்தில், படகு கட்டுகிறவர்கள் வீட்டில். அண்ணன்மார் கையில் சுத்தியலையும் இவள் கையில் சட்டியையும் கொடுத்தார்களாம். இவள் சட்டியைக் கடலில் விட்டெறிந்துவிட்டு, மூச்சுப் பிடித்து முங்கிச் சங்கு எடுத்து விற்கப் போய்விட்டாள். கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். பாதிப் பாட்டில் நிறுத்தி, பக்கத்தில் நின்ற பாதிரியாரின் தங்கையிடம் "நீ பாடாம சும்மா நில்லு" என்றதால் வெளியே அனுப்பிவிட்டார்கள். கல்யாணமும் ஆனது. புருஷன் ப்ரூக்ளினுக்கு வேலை தேடிப் போனான் என்று ஊரார் சொல்வார்கள். தப்பித்துப் போனான் என்பது என் கட்சி.

எங்கள் தீவைச் சுற்றியிருந்த பாறைகளில் சீக்கு விழுந்தது. முதலில் பவளத்தில் உள்ளங்கை அளவு வெள்ளைத் திட்டு வரும். அது பரவும். பிறகு முழுப் பாறையும் எலும்பு போல வெளுத்து, அதன்மேல் பழுப்புப் பாசி படர்ந்துவிடும். முங்கி எழுந்த விருந்தாளிகள் முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான்தான் கொன்றேன் என்பது போல என்னை முறைப்பார்கள். அடுத்த வருஷம் அவர்கள் வேறு தீவுக்குப் போனார்கள்.

எங்கள் முதலாளி லென்னார்ட், சுவீடன்காரர், ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் லண்டனிலிருந்து மிஸஸ் ஹாலோவே வருகிறாள். தீவு தீவாக ஆட்களை அனுப்பும் கம்பெனி அவளுடையது. உயிருள்ள பாறை ஒன்றையாவது அவளுக்குக் காட்டினால் வருஷம் முழுக்க ஆள் வரும். இல்லாவிட்டால் படகை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவார். "எங்கயாவது நல்ல எடம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

எதற்கும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கும் வெல்டீன், தரையைப் பார்த்துக்கொண்டு "இல்ல" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியே எங்கேயோ போகிறவள் அவள்.

படகைக் கழுவும்போது பிடித்தேன். "நீ ஒரு எடம் வச்சிருக்கே."

"வச்சிருந்தா உனக்கென்ன?"

"முதலாளி படகை வித்துடுவாரு."

"விக்கட்டும். படகோட சேர்த்து உன்னையும் வித்தா ரொம்ப சந்தோஷம்."

"உனக்கும்தான் வேலை போகும்!"

"போகட்டும்டா. கூட்டம் கூட்டமா கூட்டிட்டு வருவீங்க. ஒரு மடையன் நங்கூரத்த பாறை மேல போடுவான், அது நீதான். ஒருத்தன் கால் துடுப்பால ஒதைச்சு ஒடைப்பான். சீக்குப் பாறையில முங்குன அதே சட்டையோட வந்து முங்குவான். இதுவரைக்கும் எத்தனை எடம் காட்டியிருக்கேன்? எல்லாம் என் கையால காட்டுனது. ஒண்ணாவது பொழைச்சுதா?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவளுக்கு அண்ணன்மார் உண்டு, எங்கே போனாலும் ஒரு தட்டு சோறு கிடைக்கும். என் முதுகு இனி வலை இழுக்க இடம் கொடுக்காது. படகு போனால் எனக்குப் பிழைப்பு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்போம். என் வீடு குன்றின் சரிவில், கடலைப் பார்த்தபடி, வெகுகாலமாக மஞ்சளாக இருந்தது. அந்த முறை என் மனைவி ஜெசிந்தா ஆசைப்பட்டாள் என்று சாம்பல் நிறம் அடித்தேன். பெயின்ட் காய்வதற்குள் வெல்டீன் மூச்சு வாங்க மேடேறி வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டு பெயின்ட் அடிச்சே?"

"என் வீட்டுக்கு நான் அடிக்கறதுக்கு உன்னை வேற கேக்கணுமா?"

"மஞ்சள் நல்லாத்தான இருந்துச்சு! இது எழவு வீடு மாதிரி இருக்கு. மரியாதையா மாத்து!"

"போடி உன் வேலையைப் பாத்துட்டு!"

போனாள். ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "நம்ம வீட்டுக் கலர் மேல அவளுக்கு என்னய்யா அவ்வளவு உரிமை?" என்றாள். அன்று எனக்குச் சோறு ஆறிப்போய்த்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து திரும்பினால், கடலைப் பார்த்த சுவர் மட்டும் பளீரென்று மஞ்சள். மற்ற மூன்று பக்கமும் சாம்பல். கீழ்த் தெருவே கூடி நின்று சிரித்தது. வெட்டுக்கத்தி எடுக்க உள்ளே நுழையப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் நல்ல மீன் கிடைக்கும் இடத்தை யாரும் படகின் ஜி.பி.எஸ். கருவியில் பதிந்து வைக்க மாட்டோம். கருவியை யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துவிடலாம். கரையில் இரண்டு பொருள்களைப் பிடித்துக்கொள்வோம். ஒன்றுக்கு நேர் மேலே மற்றது தெரிந்தால் அந்தக் கோட்டில் இருக்கிறோம் என்று கணக்கு. என் மஞ்சள் சுவருக்கு நேர் மேலே பெலேர் குன்றில் ஆஸ்பத்திரியின் சிவப்புக் கூரை இருக்கிறது. தன் பாறைக்கு வழி காட்ட என் வீட்டையே வைத்திருக்கிறாள் அந்தக் கிராதகி!

மறுநாள் கூரையையும் சுவரையும் நேராகப் பிடித்துக்கொண்டு, சேண்டி ஐலண்ட் என்ற குட்டித் தீவுக்கு அப்பால் ஆழம் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் தரை திடீரென்று எழும்பியது. அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அழுத்திக் குனிந்தேன்.

மான்கொம்புப் பவளம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளை விரித்து, பழுப்புப் பொன்னாக நின்றது. நுனியெல்லாம் வெள்ளை, சீக்கு வெள்ளை இல்லை, புதிதாக வளர்ந்த வெள்ளை. இடுக்குக்கு இடுக்கு, உருண்டை உடம்பெல்லாம் நீள முள்ளாக நிற்கும் கடல் முள்ளெலிகள், பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டு. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் படகு வரை கேட்டது. நான் சின்ன வயதில் கண்ட கடல் அது. அழுதுவிட்டேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது, இதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள இவள் யார் என்று. நல்ல இடம் ஒன்று இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன் என்று அன்று மாலையே முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

மிஸஸ் ஹாலோவே வந்தாள். முதல் நாள், சும்மா முங்கிப் பழக, பழைய இடம் ஒன்றைக் காட்டினோம். மறுநாள் முதலாளியும் படகில் ஏறினார். நான் படகைத் திருப்பிய திசையைப் பார்த்ததுமே வெல்டீனின் முகம் கறுத்தது.

"காட்டிக் கொடுத்துட்டியா?"

"நீதான் பெயின்ட் அடிச்சுக் காட்டிக் கொடுத்தே."

அவள் கத்தவில்லை. தான் இறங்காவிட்டால் அவர்கள் தாங்களாகவே இறங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சீக்கு ஒட்டிக்கொண்டு வரக் கூடாதென்று எல்லோருடைய உடுப்பையும் ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கி அலசினாள். "எதையும் தொடாதீங்க. முட்டி போடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். என்னிடம், "நங்கூரத்துல கை வச்சே, கைய ஒடைச்சிடுவேன்" என்றாள். நான் படகை அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வாளி வழியாகப் பார்த்தேன்.

மிஸஸ் ஹாலோவே படம் எடுக்க முட்டி போட்டாள். முட்டியில் முள்ளெலியின் முள் ஏறியது. துள்ளினாள், கை, தொட்டால் எரியும் நெருப்புப் பவளத்தில் உரசியது. தன் இடத்துக்குள் வந்துவிட்டாளே என்று விரல் நீள மீன் ஒன்று விடாமல் அவள் காதைக் கடித்தது. வெல்டீன் அவளைப் பாறையிலிருந்து விலக்கி, அக்குளில் கை கொடுத்து மேலே கொண்டுவந்தாள்.

"இங்கயா எங்க ஆளுங்களை அனுப்பச் சொல்றீங்க?" என்று மூச்சிறைத்தாள் மிஸஸ் ஹாலோவே. "முள்ளு, எரிச்சல், கடி! நேத்து காட்டுனது எவ்வளவோ தேவலை. அங்க எதுவும் மேல வந்து விழல."

நேற்றுக் காட்டியது செத்த பாறை. அதனால்தான் அங்கே எதுவும் இல்லை.

லென்னார்ட் கையைப் பிசைந்தார். "இதைச் சரி பண்ணிடலாம் மேடம். ஆளுங்களை விட்டு முள்ளெலியையெல்லாம் பொறுக்கிடறோம். நடுவுல வழி வெட்டி விட்டுட்டா சுலபமா நீந்தலாம்."

அவள் முட்டியைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "அப்படிச் செஞ்சா அனுப்பறேன்."

"கோஸ்னல், எடத்தைக் கருவியில பதிஞ்சு வை" என்றார் லென்னார்ட்.

எனக்கு வேண்டியது அதுதானே? கை நீட்டினால் போதும், பிழைப்பு நிச்சயம். நீட்டினேன். கருவியின் சுவிட்சை அணைத்தேன்.

"பொறுக்கறதா? பாசியைத் தின்னு பாறையைக் காப்பாத்தறதே அந்த முள்ளெலிங்கதான்! உயிரோட இருக்கறது கடிக்காம கொஞ்சுமா?" என்று கத்தினேன். அதே மூச்சில் பின்னாலிருந்து வெல்டீனும் கத்திக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் பாதியை இங்கே எழுத முடியாது. இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டியது அன்றுதான்.

படகைக் கரைக்குத் திருப்பினேன். துறையில் கால் வைத்ததும் இருவருக்கும் வேலை போனது.

"உன்னை யாரு நடுவுல கத்தச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனாள் வெல்டீன். நன்றியாவது, மண்ணாவது.

லென்னார்ட் அந்த இடத்தை ஒரு மாதம் தேடிப் பார்த்து, கிடைக்காமல் படகை விற்றார். நான் இப்போது ஜெசிந்தா சுடும் ரொட்டியைச் சந்தையில் விற்கிறேன். வெல்டீன் மறுபடியும் சங்குக்கு முங்குகிறாள். அவளை எனக்கு இன்னும் பிடிக்காது. தெருவில் எதிரே வந்தால் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் சண்டை வரும், சண்டையில் யாராவது ஒருவர் அந்த இடத்தைக் கத்திச் சொல்லிவிடுவோம் என்று இருவருக்கும் பயம்.